ஐடியா எங்க கிடைக்கும்? (வாசகர் கடிதம்)

வணக்கம் சார்,

கிராஃபிக் டிசைன் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். அசைன்மென்ட் குடுத்ததும் முதல் வேலையா பின்ட்ரஸ்ட்டைத் திறந்து உக்காந்துடுவேன், மணிக்கணக்கா பாத்து சேவ் பண்ணப்புறம் நான் வரையறது எல்லாமே காப்பி மாதிரி இருக்கு. தப்பித்தவறி சொந்தமா ஒண்ணு தோணினாலும் ரெண்டு நாள்ல சலிச்சுப் போயிடுது. எனக்கு கற்பனை கம்மியா சார்? ஐடியாவை எங்க போய்த் தேடறது?

(பெயர் வேண்டாம்)

வணக்கம்,

கற்பனை கம்மியெல்லாம் இல்லீங்க. பின்ட்ரஸ்ட் பாக்கறதும் தப்பில்ல, ஆனா அங்க இருக்கறதெல்லாம் அடுத்தவங்க யோசிச்சு முடிச்ச விடை, அதை முதல்ல பாத்துட்டா நம்ம கேள்வி என்னன்னே மறந்துடும். அதனால முதல்ல கிறுக்குங்க. ஸ்டாம்ப் சைஸ்ல இருபது முப்பது கட்டம் போட்டு, மோசமா இருந்தாலும் பரவால்லன்னு. முதல் அஞ்சாறு எல்லாருக்கும் தோணறதுதான் வரும், சுற்றுச்சூழல்னா இலை, கல்வின்னா புஸ்தகம், அமைதின்னா புறா. அதெல்லாம் தீர்ந்ததும் ஒரு எரிச்சல் வரும் பாருங்க, நிறைய பேர் அங்கதான் எழுந்து போயிடறாங்க, போகாதீங்க.

எங்க தேடறதுன்னா, டாவின்சி தன் குறிப்புகள்ல ஓவியம் கத்துக்கறவங்களுக்கு ஒரு வழி சொல்லியிருக்கார்: கறை படிஞ்ச சுவரை உத்துப் பாருங்க, அதுல மலை, ஆறு, சண்டை, முகம்னு என்னென்னவோ தெரியும்னு. அரைகுறையா இருக்கறதைப் பாக்கறப்போ மிச்சத்தை நம்ம கண்ணே போட்டுக்கும். முடிஞ்ச டிசைனைப் பாக்கறப்போ கண்ணுக்கு வேலையே இல்ல.

சலிச்சுப் போறதுக்கு வர்றேன், எனக்கென்னவோ உங்க நிஜமான பிரச்சனை இதுதான்னு தோணுது. பிக்காசோவோட கெர்னிக்கா ஓவியத்தை எடுத்துக்கங்க. பாரிஸ் கண்காட்சிக்காக 1937 ஜனவரியிலயே ஸ்பெயின் அரசாங்கம் ஒரு ஓவியம் கேட்டுடுச்சு, அவர் ஏப்ரல்ல ஓவியனும் மாடலும் இருக்கற ஸ்டுடியோன்னு ஏதோ கிறுக்கிட்டிருந்தார். ஏப்ரல் 26 ஸ்பெயின்ல கெர்னிக்காங்கற ஊர் மேல குண்டு போட்டாங்க, மே 1 புதுசா ஸ்கெட்ச் ஆரம்பிச்சாச்சு, பழைய ஐடியா காலி. கிட்டத்தட்ட எட்டு மீட்டர் அகல கேன்வாஸ்ல ஏத்தினப்புறமும் மாத்திக்கிட்டேதான் இருந்தார், அவரோட தோழி, போட்டோகிராஃபர் டோரா மார் அதைக் கட்டம் கட்டமா போட்டோ எடுத்து வெச்சதால நமக்குத் தெரியுது. விழுந்து கிடக்கற வீரன் முதல்ல முஷ்டியை ஒசத்திப் பிடிச்சிருக்கான், அடுத்து அந்தக் கையில கதிர்க்கட்டு வருது, அப்புறம் அந்த ஒசந்த கையே இல்ல! குனிஞ்சிருந்த குதிரைத் தலை மேல நிமிர்ந்துடுச்சு. அந்த முஷ்டி அப்போ எல்லாருக்கும் தெரிஞ்ச போராட்டச் சின்னம், ரொம்ப சுலபமான விடை, அதை அழிச்சதாலதான் படம் போஸ்டர் ஆகாம தப்பிச்சுதுன்னு நான் நினைக்கறேன்.

நீங்க ஐடியாவைத் தலைக்குள்ளயே வெச்சு சுத்தறீங்க, அதான் சலிக்குது. பேப்பர்ல இறக்குங்க, சலிச்ச இடம் எதுவோ அதை மட்டும் மாத்துங்க, மாத்தறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கங்க, கெட்டுப்போயிடுமோன்னு பயம் இருக்காது. வேண்டாம்னு விட்டதையும் டெலீட் பண்ணாதீங்க. கெர்னிக்கா முடிஞ்சப்புறமும் அதுல வந்த அழற பொம்பளை முகத்தை பிக்காசோ விடல, திரும்பத் திரும்ப வரைஞ்சு அதே வருஷம் அக்டோபர்ல அது தனி ஓவியமாவே ஆயிடுச்சு.