இன்னும் தயாராகாத விமானத்துக்கு 60,000 டாலர் அட்வான்ஸ் கட்டலாமா?

கேள்வி: டெக்சாஸில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன், வயது 46. மூன்று வருடம் முன்பு பிரைவேட் பைலட் லைசென்ஸ் எடுத்தேன். ஒரு புது நிறுவனம் நான்கு சீட் விமானம் கொண்டுவருகிறது. மாதிரி விமானம் பறந்துகொண்டிருக்கிறது, அமெரிக்க விமானத்துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.ஏ.ஏ.-வின் சான்றிதழ் அடுத்த வருடம் வந்துவிடும் என்கிறார்கள். இப்போது 60,000 டாலர் கட்டினால் விலை 4.2 லட்சம் டாலர், பிறகு வருபவர்களுக்கு 5 லட்சத்துக்கு மேல். அசெம்பிளி தொடங்கும்போது பாதி விலை கட்ட வேண்டும். வீட்டின் மேல் ஹெலாக் கடன் எடுத்து அட்வான்ஸ் கட்டலாமா? மகள் இரண்டு வருடத்தில் காலேஜ் போகிறாள்.

பதில்: கட்ட வேண்டாம். ஹெலாக் எடுத்து நிச்சயமாகக் கட்ட வேண்டாம்.

விமானம் வாங்குவதையே நான் தடுக்கவில்லை. கஷ்டப்பட்டு லைசென்ஸ் எடுத்திருக்கிறீர்கள், சொந்தமாக ஒன்று வைத்துக்கொண்டு பறக்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் இந்த 60,000 டாலருக்கு இப்போது உங்கள் கைக்கு என்ன வருகிறது என்று பாருங்கள். இன்னும் ஒரு விமானம்கூட விற்காத கம்பெனிக்கு, வட்டியும் இல்லாமல் அடமானமும் இல்லாமல் கடன் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். அவர்கள் திவாலானால் அடமானத்தின் பேரில் கடன் கொடுத்தவர்கள் முதலில் எடுத்துக்கொள்வார்கள், மிஞ்சினால்தான் உங்கள் முறை. சொந்த உபயோகத்துக்கு முன்பணம் கட்டிய தனிநபர்களுக்கு அமெரிக்க திவால் சட்டத்தில் ஒரு சின்ன முன்னுரிமை இருக்கிறது, ஆனால் அதன் வரம்பு நாலாயிரம் டாலரைக்கூடத் தொடாது.

இது கற்பனைப் பயம் இல்லை. எக்லிப்ஸ் 500 என்ற குட்டி ஜெட்டின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களிடம் சொல்லப்பட்டதெல்லாம் அப்போதும் சொல்லப்பட்டது. நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் இருந்த கம்பெனி, 2000-இல் அறிவித்த விலை 8,37,500 டாலர். முந்திக்கொண்டால் லாபம் என்று நிறையப் பேர் அட்வான்ஸ் கட்டினார்கள். 2002-இல் மாதிரி விமானம் பறந்தது, ஆனால் அதற்கென்றே உருவாக்கிய எஞ்சின் சரிப்படவில்லை, வேறு எஞ்சினுக்கு மாறினார்கள், அதிலேயே வருடங்கள் போயின. 2006 செப்டம்பரில்தான் எஃப்.ஏ.ஏ. சான்றிதழ் வந்தது. அதற்குப் பிறகும் முதலில் டெலிவரி ஆன விமானங்களில் மின்னணுக் கருவிகள் முழுதாக வேலை செய்யவில்லை, காக்பிட்டில் மேப் பார்க்கக் கையடக்க ஜி.பி.எஸ். வைத்துக்கொண்டு பறந்தார்கள். விலை ஏறிக்கொண்டே போய் 2008-இல் இரண்டு மில்லியன் டாலரைத் தாண்டியது. டெலிவரிக்கு ஆறு மாதம் முன்பே 60 சதவீதம் கட்டச் சொன்னார்கள். அந்த வருடம் நவம்பரில் கம்பெனி திவால் மனு போட்டது. அதுவரை வெளியே வந்தவை சுமார் 260 விமானங்கள். வரிசையில் நின்றவர்களின் பணம் போயே போச்சு, சிலருக்கு அந்த 60 சதவீதமும் சேர்த்து. விமானம் கையில் கிடைத்தவர்களும் நிம்மதியாக இல்லை, பாக்கி இருந்த மேம்பாடுகளை யார் செய்து தருவார்கள் என்று தெரியாமல் நின்றார்கள். 2009-இல் வேறொரு கூட்டம் அந்தச் சொத்துகளை வாங்கியது, ஆனால் பழைய அட்வான்ஸுக்கு அவர்கள் பொறுப்பில்லை.

சான்றிதழ் வந்தால் ஆபத்து முடிந்தது என்று நினைக்கிறீர்கள் என்றால், எக்லிப்ஸ் திவாலானது சான்றிதழ் வாங்கி இரண்டு வருடம் கழித்து என்பதைக் கவனியுங்கள். ஒரு விமானத்தைப் பறக்க வைப்பது ஒரு வேலை. அதையே வாரத்துக்கு இத்தனை என்று நஷ்டமில்லாமல் செய்து தள்ளுவது வேறு வேலை.

பேர்பெற்ற கம்பெனி என்றாலும் சொன்ன விலை நிற்கும் என்று இல்லை. செஸ்னாவே 2007-இல் ஸ்கைகேட்சர் என்ற இரண்டு சீட் விமானத்தை 1,09,500 டாலர் என்று அறிவித்து, 2011-இல் 1,49,900 ஆக்கி, இரண்டே வருடத்தில் கைவிட்டது. விற்காமல் கிடந்தவற்றைக் கடைசியில் நொறுக்கிப் பழைய இரும்பாக்கினார்கள். கிட் விமானங்களில், அதாவது பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் விமானங்களில், ஐம்பது வருட அனுபவமுள்ள வேன்ஸ் ஏர்கிராஃப்ட் 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்புக்குப் போனது. ஏற்கெனவே ஆர்டர் கொடுத்தவர்கள் சராசரியாக 30 சதவீதத்துக்கு மேல் கூடுதல் விலைக்குச் சம்மதிக்க வேண்டியிருந்தது. ஆகவே 4.2 லட்சம் என்று "பூட்டிய" விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

நல்லபடியாக முடிந்த கதையும் உண்டு. சிரஸ் விஷன் ஜெட் இன்று நன்றாக விற்கிறது. ஆனால் 2006 வாக்கில் அட்வான்ஸ் வாங்கத் தொடங்கிய விமானம் வாடிக்கையாளர் கைக்கு வந்தது 2016 டிசம்பரில். பத்து வருடம்! உங்கள் 60,000 டாலரை 5 சதவீதத்தில் பத்து வருடம் போட்டு வைத்தால் சுமார் 98,000 ஆகியிருக்கும். நீங்களோ கடன் வாங்கிக் கட்டுகிறீர்கள், வட்டி எதிர்ப்பக்கம் ஓடும், அதுவும் மகள் காலேஜ் ஃபீஸ் கட்டும் அதே வருடங்களில்.

விமானம் வந்தபிறகு இருக்கும் செலவையும் சொல்லிவிடுகிறேன். என் நண்பர் ஒருவர் இப்படிப் புது மாடலில் ஆரம்ப வரிசை விமானம் ஒன்றை வாங்கினார். போன வருடம் அதை நிறுத்தி வைத்திருக்கும் கொட்டகைக்கு, அதாவது ஹேங்கருக்கு, அழைத்துப் போனார். எஞ்சின் மூடி கழற்றித் தரையில் வைத்திருந்தது, மேலே துணி போர்த்தி அதில் தூசி படிந்து, டயரில் காற்று இறங்கிக் கிடந்தது. ஒரு பாகம் வரவேண்டும், ஐந்து மாதமாகக் காத்திருக்கிறார். மெக்கானிக் இந்த மாடலை அதற்கு முன் தொட்டதே இல்லையாம், புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து வேலை செய்கிறார், அந்த நேரத்துக்கும் பில் போடுகிறார். ஹேங்கர் வாடகை, இன்ஷூரன்ஸ், கடன் தவணை மூன்றும் மாதா மாதம் தவறாமல் போகின்றன. நண்பர் இறக்கையை ஒருமுறை துடைத்துவிட்டு, "சரி வா போகலாம்" என்றார். எனக்கு மனசே கேட்கவில்லை.

தயாரித்த கம்பெனி நன்றாக இருந்தும் இப்படி நடக்கலாம். டைமண்ட் டி.ஏ.42 நல்ல விமானம். ஆனால் அதற்கு டீசல் எஞ்சின் கொடுத்த ஜெர்மன் நிறுவனம் தீலர்ட் 2008 ஏப்ரலில் திவாலானதும் எஞ்சின் வாரண்டி கைவிடப்பட்டது, பாகங்களின் விலை ஏறியது, மாட்டிக்கொண்டவர்கள் விமானம் வைத்திருந்தவர்கள். எனவே உங்கள் விமானத்தில் யாருடைய எஞ்சின் என்று கட்டாயம் கேளுங்கள். ஆயிரக்கணக்கில் ஏற்கெனவே பறக்கும் லைகமிங், கான்டினென்டல், ரோட்டாக்ஸ் மாதிரி ஒன்றா, அல்லது அதுவும் புதுசா?

தேய்மான வரிச் சலுகை பற்றி விற்பனையாளர் ஏதாவது சொன்னாரா? விமானம் கைக்கு வந்து தொழிலுக்குப் பயன்பட ஆரம்பித்தால்தான் அந்தப் பேச்சே. அட்வான்ஸுக்கு எதுவும் கிடையாது.

சரி, அப்புறம் என்ன செய்வது? ஆசை விடவில்லை என்றால் ஒப்பந்தத்தில் பணம் எங்கே உட்காரப்போகிறது என்று பாருங்கள். எஸ்க்ரோ கணக்கில், அதாவது மூன்றாம் தரப்பு ஒருவர் பணத்தைப் பிடித்து வைத்திருக்கும் கணக்கில், சான்றிதழ் வரும்வரை கம்பெனி தொட முடியாதபடி, குறிப்பிட்ட தேதி தாண்டினால் கேட்காமலே திருப்பித் தரும்படி இருந்தால், கையிருப்பிலிருந்து ஐயாயிரம் டாலர் போல ஒரு சின்னத் தொகை கட்டலாம். பொதுச் செலவுக்குப் பயன்படுத்துவோம் என்று ஒரு வரி இருந்தாலும் மூடி வைத்துவிடுங்கள். எஸ்க்ரோவில் வைக்க முடியுமா என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

என்னைக் கேட்டால், பதினைந்து இருபது வருடப் பழைய செஸ்னா 172-வோ சிரஸ் எஸ்.ஆர்.20-ஓ இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குங்கள். எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார், பாகம் கிடைக்கும், விற்க நினைத்தால் வாங்க ஆள் இருக்கும். உங்கள் புது விமானம் சொன்னபடி வந்து, நூறு பேர் இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு 5 லட்சம் சொன்னால் 5 லட்சம் கொடுத்தே வாங்குங்கள், அந்த 80,000 வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் பற்றிய பக்கத்தை, உங்கள் பெயரை மறைத்து, எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். ஹெலாக் விண்ணப்பம் அதுவரை அப்படியே இருக்கட்டும்.