பட்டம் முடித்த தங்கைக்கு பி.எட். நல்லதா, எம்.எஸ்.டபிள்யூ. நல்லதா?

கேள்வி: தங்கை இந்த ஆண்டு பி.ஏ. வரலாறு முடிக்கிறாள். வீட்டில் பி.எட். சேர்த்துவிடலாம் என்கிறார்கள். அவளுக்கு எம்.எஸ்.டபிள்யூ. மேல் ஆசை. இரண்டில் எதற்கு எதிர்காலம் இருக்கிறது?

நான் படித்தது எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணி முதுநிலைப் பட்டம். என் அக்கா படித்தது பி.எட்., ஆசிரியர் பயிற்சிப் பட்டம். எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு நடந்தது. அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரிந்துதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இரண்டும் பட்டத்துக்குப் பிறகு படிக்கிற இரண்டு ஆண்டுப் படிப்புகள்போலத் தெரிந்தாலும் ஒரே வகை இல்லை. பி.எட். சட்டம் கேட்கிற தகுதி. அது இல்லாமல் அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் ஆகவே முடியாது. எம்.எஸ்.டபிள்யூ. இருந்தால்தான் சமூகப் பணி செய்யலாம் என்று நம் நாட்டில் பொதுவான சட்டம் எதுவும் கிடையாது. வக்கீலுக்கு பார் கவுன்சில் இருப்பதுபோல் சமூகப் பணியாளருக்கு ஒரு கவுன்சில் வேண்டும் என்று ரொம்ப நாளாகப் பேசுகிறார்கள், பேச்சாகவே இருக்கிறது. பி.எட். எந்தக் கல்லூரியில் படித்தாலும் (அங்கீகாரம் இருக்கும்வரை) தேர்வு எழுதத் தகுதி வந்துவிடும். எம்.எஸ்.டபிள்யூ.வில் சான்றிதழை வைத்து எதுவும் தானாகத் திறக்காது. எந்தக் கல்லூரி, யார் கீழே களப்பணி செய்தாள் என்பதுதான் வேலை வாங்கித் தரும். உங்கள் தங்கை எதைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

பி.எட். பற்றிச் சொல்கிறேன். 2015 வரை ஓராண்டுப் படிப்பாக இருந்தது. நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையிலான குழு ஆசிரியர் கல்வியைப் பற்றி 2012இல் அறிக்கை கொடுத்தது. அதற்குப் பிறகு, ஆசிரியர் கல்வியை ஒழுங்குபடுத்துகிற தேசிய அமைப்பான என்.சி.டி.இ. 2014இல் விதிகளை மாற்றி, 2015-16 முதல் இரண்டு ஆண்டாக்கியது. இப்போது மறுபடி ஓராண்டு பி.எட். வரப்போகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. வரைவு விதிகளில் அப்படி இருப்பது உண்மை. ஆனால் அது நான்காண்டுப் பட்டம் அல்லது முதுநிலைப் பட்டம் வைத்திருப்பவர்களுக்கு. மூன்றாண்டு பி.ஏ.வோடு நிற்கிற உங்கள் தங்கைக்கு அது பொருந்தாது, அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் அரசு கல்வியியல் கல்லூரிகள் 7, அரசு உதவி பெறுபவை 14. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2,000 இடங்கள். 1856இல் தொடங்கிய சைதாப்பேட்டைக் கல்லூரியும் இதில் ஒன்று. இங்கே இடம் கிடைத்தால் கட்டணம் மிகக் குறைவு, யோசிக்காமல் சேர்க்கலாம். மீதி எல்லாம் சுயநிதிக் கல்லூரிகள். அவற்றில் நல்லவை இருக்கின்றன. ‘வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் போதும், ரெக்கார்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்பவையும் இருக்கின்றன. அக்கா சேரப்போனபோது ஒரு கல்லூரியில் வருகைப்பதிவுக்கென்று தனித் தொகை சொன்னார்கள். வேலையில் இருப்பவர்களுக்கு அது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அப்படிப் படித்துவிட்டு முதல்முறை நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்கும்போது தெரியும்.

அக்கா வேறு கல்லூரிக்குப் போனாள். முதல் ஆண்டில் நுண்ணிலைக் கற்பித்தல். அதாவது ஐந்தாறு நிமிடத்துக்கு ஒரே ஒரு திறனை மட்டும் எடுத்துச் செய்துகாட்டுவது. கேள்வி கேட்பது ஒரு நாள், கரும்பலகை பயன்படுத்துவது ஒரு நாள் என்று போகும். கூடப் படிப்பவர்களே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிப்பார்கள், சிரிப்பை அடக்க முடியாது என்பாள். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் பயிற்சி. அவளைப் போட்ட அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர் பற்றாக்குறை. வந்த இரண்டாவது வாரத்திலிருந்தே முழு வகுப்பும் அவள் கையில். ‘வழிகாட்டி ஆசிரியர் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்’ என்று புத்தகத்தில் இருந்தது. அவர் பக்கத்து வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் மாலையில் லெசன் பிளானை வாங்கி, ‘இந்தக் கேள்வியைக் கேட்டால் வகுப்பே ஆமாம் என்று கோரஸ் பாடும், ஏன் என்று கேட்டுப் பார்’ என்று திருத்தித் தந்திருக்கிறார். அக்கா இன்றும் பி.எட். என்றால் அந்த மாலைகளைத்தான் சொல்வாள். ரெக்கார்டுகளையும் சார்ட்டுகளையும் பற்றிப் பேசமாட்டாள். அதை எழுதித் தருவதற்கே கல்லூரி வாசலில் கடை இருக்கிறது, விலைப்பட்டியலோடு.

படிப்பு முடிந்த பிறகு வருவதுதான் பெரிய மலை. ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு ஆசிரியராக டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேற வேண்டும். மொத்தம் 150 மதிப்பெண். வரலாறு படித்த உங்கள் தங்கைக்கு அதில் சமூக அறிவியல் 60, மீதி குழந்தை வளர்ச்சி, தமிழ், ஆங்கிலம் தலா 30. 2012இல் தமிழ்நாட்டில் முதன்முதலாக டெட் நடத்தியபோது நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. இப்போது அவ்வளவு மோசமில்லை. ஆனால் தேறினால் மட்டும் வேலை இல்லை. 2018 அரசாணைப்படி, தேறியவர்கள் நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும். ஒரு ஆறுதல், டெட் சான்றிதழ் முன்பு ஏழு ஆண்டுதான் செல்லும், 2021 முதல் ஆயுளுக்கும் செல்லும். எம்.ஏ. வரலாறும் முடித்தால் முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம், அதற்கு டெட் தேவையில்லை. பலர் பி.எட்.டை முடித்துக்கொண்டே தொலைநிலையில் எம்.ஏ. படிப்பது இதனால்தான்.

பி.எட். இருந்தால் ஒன்றாம் வகுப்பு ஆசிரியராகவும் போகலாம் என்று உறவினர் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை முடித்து வைத்துவிட்டது. தொடக்க வகுப்புகளுக்கு இரண்டாண்டு ஆசிரியர் பட்டயப் படிப்புதான் வேண்டும்.

தனியார் பள்ளி என்றால் உடனே வேலை கிடைக்கும். அக்கா முதலில் சேர்ந்த இடத்தில் மாதம் 9,000 ரூபாய். பேருந்துப் பொறுப்பு, சனிக்கிழமை சிறப்பு வகுப்பு, சேர்க்கை நேரத்தில் வீடு வீடாக நோட்டீஸ் எல்லாம் அதற்குள் அடக்கம். இப்போது வேறு பள்ளியில் கொஞ்சம் கௌரவமான சம்பளம் வாங்குகிறாள். டெட் தேறிவிட்டாள், அடுத்த தேர்வுக்குப் படிக்கிறாள்.

சரி, எம்.எஸ்.டபிள்யூ.

இதற்கு எந்தப் பட்டமாக இருந்தாலும் போதும், வரலாறு தடையே இல்லை. இந்தியாவில் இந்தப் படிப்பு 1936இல் பம்பாயில் தொடங்கியது, இன்றைக்கு டிஸ் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்) என்று எல்லோரும் சொல்கிற நிறுவனம்தான் அது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் எழும்பூரில் இருக்கிறது. லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், திருச்சி பிஷப் ஹீபர், கோவை பி.எஸ்.ஜி., திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி எல்லாம் இத்துறையில் பெயர் பெற்றவை. சேரும்போதே குழு விவாதம், நேர்காணல் வைப்பார்கள். நேர்காணலில் ‘ஏழைகளுக்குச் சேவை செய்ய ஆசை’ என்று மட்டும் சொன்னால் எதிரே இருப்பவர் முகம் மாறாது, அந்தப் பதிலை அன்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

படிப்பின் உயிர் களப்பணிதான். வாரத்தில் இரண்டு நாள் ஏதாவது ஒரு நிறுவனத்தில் இருக்க வேண்டும். மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், குடிசைப் பகுதி, தொண்டு நிறுவனம் இப்படி. நான் 2018இல் சேர்ந்தேன். எனக்கு ஒரு அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவு. அந்த ஆண்டுதான் காசநோயாளிகளுக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிற மத்திய அரசுத் திட்டம் வந்திருந்தது. அங்கே கட்டட வேலை செய்கிற ஒருவர், மாத்திரையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய் மறுபடி வந்தவர். வார்டில் எல்லோரும் ‘குடிகாரன், சொன்னால் கேட்கமாட்டான்’ என்றார்கள். உட்கார்ந்து பேசினால், அவருக்கு வங்கிக் கணக்கு இல்லை, ஆதாரில் பெயர் வேறு மாதிரி இருந்தது. மாத்திரை போட்டால் பசிக்கிறது, சாப்பாட்டுக்கு வேலைக்குப் போனால்தான் உண்டு, வேலைக்குப் போனால் மாத்திரை வாங்க வர முடியாது. குடியும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் அங்கே செய்த உருப்படியான காரியம் ஆதார் மையத்துக்கும் வங்கிக்கும் அவரோடு போனதுதான்.

அதை ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுத்தேன். எங்கள் மேடம் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘நீ என்ன நினைத்தாய் என்று மூன்று பக்கம் இருக்கிறது. அவர் என்ன சொன்னார், எங்கே?’ ஒவ்வொரு வாரமும் தனியாக உட்காரவைத்து இப்படிப் பிழிந்து எடுப்பார். அந்த ஒரு மணி நேரம்தான் படிப்பு. அது நடக்காத கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ. என்பது வெறும் கையெழுத்து வாங்கும் வேலை. இதனால்தான் இந்தப் படிப்பைத் தொலைநிலையில் படிப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஏற்கெனவே களத்தில் வேலை செய்துகொண்டு பட்டத்துக்காகப் படிப்பவர் என்றால் சரி, புதிதாக வருகிறவருக்கு வேண்டாம். (கடைசி செமஸ்டரில் ஒரு மாதம் முழுக்க நிறுவனத்திலேயே இருக்கிற பிளாக் பிளேஸ்மென்ட் எங்கள் பேட்சுக்குக் கொரோனாவோடு போய்விட்டது. அந்தக் குறை இன்னும் இருக்கிறது.)

இரண்டாம் ஆண்டில் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சமுதாய மேம்பாடு, மருத்துவ-மனநலச் சமூகப் பணி, குடும்ப-குழந்தை நலம், மனித வளம். பல கல்லூரிகளில் வகுப்பில் பெரும்பகுதி மனித வளத்துக்குப் போய்விடும். சமூகப் பணிப் படிப்பில் கம்பெனி ஹெச்.ஆர். எங்கே வந்தது என்று வெளியில் இருப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். 1948 தொழிற்சாலைச் சட்டம், 500 தொழிலாளர் இருக்கிற ஆலையில் நல அலுவலர் ஒருவர் வேண்டும் என்றது. அந்த வேலைக்கு ஆள் தயாரிக்கிற இடமாகச் சமூகப் பணிக் கல்லூரிகள் ஆயின. சம்பளமும் அங்கேதான் முதலில் நன்றாக இருக்கும். உங்கள் தங்கையின் ஆசை அதுதானா என்று கேட்டுப் பாருங்கள். குறை ஒன்றுமில்லை, ஆனால் அது தெரிந்தால் கல்லூரித் தேர்வே மாறும்.

மனநலப் பக்கம் போக ஆசை என்றால் எம்.எஸ்.டபிள்யூ.வோடு நிற்காது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநலச் சமூகப் பணியாளர் யார் என்பதை வரையறுக்கும்போது அதற்கு மேற்பட்ட சிறப்புப் பயிற்சியையும் கேட்கிறது. பெங்களூருவில் இருக்கிற தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் இதற்குப் பெயர் போன இடம்.

மற்ற வேலைகள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, 1098 குழந்தை உதவி எண், பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், தொண்டு நிறுவனங்கள் இவற்றில் கிடைக்கும். அநேகமாக எல்லாம் ஒப்பந்தம், தொகுப்பூதியம். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். வீட்டில் பி.எட். என்கிறவர்களின் பயம் நியாயமானது என்று நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் நினைக்கிற ‘டீச்சர் வேலை’ இன்றைக்கு ஒரு போட்டித் தேர்வு வேலை. அதையும் அவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தினமும் பக்கத்தில் பார்க்கிறேன். நான் இப்போது மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான ஒரு தொண்டு நிறுவனத்தில் சமூகப் பணியாளர். என் மேசைக்கு அடுத்த மேசையில் இருப்பவர் சிறப்புக் கல்வி பி.எட்., அதாவது இந்தக் குழந்தைகளுக்குக் கற்பிக்கப் பயிற்சி தருகிற பி.எட். முடித்தவர். காலையில் ஆட்டிசம் உள்ள பையனுக்குப் படங்களை வரிசையாக அடுக்கிக் காட்டுகிறார். மதியம் அவன் அம்மாவுக்கு உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பித் தருகிறார். மறுநாள் அவன் படிக்கிற பள்ளியில் போய் வகுப்பாசிரியரிடம் அவனை எங்கே உட்காரவைப்பது என்று பேசுகிறார். ஆசிரியர் வேலையா, சமூகப் பணியா என்று பிரிக்க முடியாத வேலை அது. உங்கள் வீட்டுச் சண்டை அந்த மேசையில் தீர்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சிறப்புக் கல்வி பி.எட். படிப்புக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின், அதாவது ஆர்.சி.ஐ.யின் அங்கீகாரம் வேண்டும். முடித்ததும் அங்கே பதிவு செய்தால் எண் தருவார்கள், அது இல்லாமல் சிறப்பாசிரியராக வேலை செய்ய முடியாது. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் இருக்கிற நிப்மெட், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனம். கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா பல்கலையின் துறை இருக்கிறது. என்.சி.டி.இ.யின் 2010 அறிவிக்கைப்படி சிறப்புக் கல்வி பி.எட். முடித்தவரும் டெட் இரண்டாம் தாள் எழுதலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. 2021இல் உச்ச நீதிமன்றம் தொடக்க வகுப்புகளில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர் என்று சொன்னது. நடைமுறை அதற்கு வெகு தூரத்தில் இருக்கிறது. இங்கும் நிறையப் பேர் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் ஆள் போதவில்லை என்பது எங்கள் மாதிரி இடங்களில் கண்ணுக்குத் தெரியும். விளம்பரம் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறோம்.

பணம் கட்டும் முன் சில சோதனைகள். பி.எட். என்றால், பட்டத்தின் பெயரைப் பாருங்கள். வெறும் ‘பி.ஏ. வரலாறு’ என்றால் கவலை இல்லை. பெயரோடு வேறு ஏதாவது ஒட்டியிருந்தால் அது பி.ஏ. வரலாற்றுக்குச் சமம் என்று சொல்கிற இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று தேடுங்கள், இது இல்லாமல் சான்றிதழ் சரிபார்ப்பு வரை போய்த் திரும்பியவர்கள் உண்டு. எம்.எஸ்.டபிள்யூ. என்றால் அலுவலகத்தில் கேட்காதீர்கள், இரண்டாம் ஆண்டு மாணவர் யாரையாவது பிடித்து, ‘களப்பணி ரிப்போர்ட்டை யார் படிக்கிறார், எவ்வளவு நாளில் திருப்பித் தருகிறார்’ என்று கேளுங்கள். சிறப்புக் கல்வி என்றால் ஆர்.சி.ஐ. தளத்தில் அந்தக் கல்லூரிக்கு இந்த ஆண்டுக்கான அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். போன ஆண்டு இருந்தது என்ற பதில் போதாது. கூடவே, பணம் கட்டும் முன் உங்கள் தங்கையை ஒரு வாரமாவது பக்கத்தில் இருக்கிற ஒரு சிறப்புப் பள்ளியில் தன்னார்வலராக உட்காரவைத்துப் பாருங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.