கல்லூரிக் காசுக்கு வழியில்லாமல் நிற்கும் உடையார்கட்டுத் தம்பிக்கு

தம்பி, நீங்கள் எழுதியதை வாசித்தேன். முல்லைத்தீவு உடையார்கட்டில் இருந்து கனடாவுக்குப் படிக்க வந்து ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற் அறையில் இருக்கிறீர்கள். முதல் செமஸ்ரர் முடியப் போகிறது. அடுத்த செமஸ்ரருக்கு அப்பா நம்பியிருந்த காலபோக நெல் வெள்ளத்தோடு போய்விட்டது. வெளிநாட்டு மாணவருக்கு இங்கே ஏதும் உதவி கிடைக்குமா, இல்லையென்றால் ஒரு செமஸ்ரரை விட்டுவிட்டு முழுநேரமும் வேலை செய்து காசு சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே என்ன ஜக்கெற் வாங்கிறது, எந்த ஃபோன் பிளான் நல்லது, ஏஎல் எழுதியிருக்கிற தங்கச்சியையும் கூப்பிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஜக்கெற்றும் ஃபோனும் உங்களோடு படிக்கிற பெடியள் என்னைவிட வடிவாகச் சொல்வார்கள். தங்கச்சியின் கதைக்குப் பிறகு வருகிறேன். காசு விசயத்தைத்தான் என்னால் சும்மா விட முடியாது.

முதலில் அந்தச் செமஸ்ரர் விடுகிற யோசனையை மறந்துவிடுங்கள், யார் சொல்லித் தந்திருந்தாலும். மாணவர் அனுமதியில் வந்தவர் முழுநேரமாகப் படிப்பதால்தான் வெளியில் வேலை செய்ய விடுகிறார்கள். படிப்பை நிறுத்தினால் அந்த வேலை உரிமையும் அன்றோடு நின்றுவிடும். 2024 நவம்பரில் இருந்து படிப்பு நடக்கிற காலத்தில் கிழமைக்கு 24 மணித்தியாலம்தான் கணக்கு. கல்லூரியே விடுகிற விடுமுறையில் மட்டும் அதற்கு மேலும் வேலை செய்யலாம். உண்மையிலேயே நிறுத்தத்தான் வேண்டும் என்று வந்தால் கல்லூரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கி விடுப்பு எடுக்க வேண்டும். அதுவும் 150 நாளுக்கு மேல் போகக் கூடாது, அந்த நாட்களில் வேலையும் செய்ய முடியாது. ஒருவருக்கும் சொல்லாமல் விட்ட செமஸ்ரர் அன்றைக்கு ஒன்றும் செய்யாது. படிப்பு முடிந்து வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது அது எழும்பி வந்து நிற்கும். அப்படி மாட்டின பிள்ளைகளைத் தெரியும். கெட்டிக்காரப் பிள்ளைகள், ஒரு செமஸ்ரர் காசை மிச்சம் பிடிக்கப் போய் இங்கே வந்ததன் முழுப் பலனையும் இழந்தவர்கள்.

அதே 2024 நவம்பரில்தான் இன்னொரு சட்டமும் வந்தது. கல்லூரி மாறுவதென்றால் புது மாணவர் அனுமதி எடுக்க வேண்டும். ஆகவே "அங்கே காசு குறைவு, நான் மாற்றித் தாறன்" என்று ஒரு ஏஜென்ட் வந்தால் அவரோடு கதைத்து மினக்கெட வேண்டாம்.

சரி, உதவி இருக்கிறதா? ஒன்ராறியோ அரசாங்கத்தின் ஓசாப் என்கிற மாணவர் உதவி உங்களுக்குக் கிடையாது. குடியுரிமை உள்ளவர், நிரந்தர வதிவிடம் உள்ளவர், அகதியாக ஏற்கப்பட்டவர், இந்த மூன்று பேருக்கும்தான் அது. எனக்கு அது கிடைத்தது, ஏனென்றால் நான் அகதியாக வந்து, வழக்கு முடிந்து, ஏற்கப்பட்ட பிறகுதான் படிக்கப் போனேன். உங்கள் நிலை வேறு. யாராவது நூறோ இருநூறோ வாங்கிக்கொண்டு வெளிநாட்டு மாணவருக்கு ஓசாப் எடுத்துத் தருவதாகச் சொன்னால், அந்தக் காசும் போச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கல்லூரிக்குள்ளேயே வழி இருக்கிறது. பெரும்பாலான கல்லூரிகளில் திடீரென்று கஷ்டத்தில் விழுந்த மாணவருக்கென்று அவசர உதவித்தொகை ஒன்று வைத்திருப்பார்கள். திருப்பிக் கட்டத் தேவையில்லை. பல இடங்களில் வெளிநாட்டு மாணவரும் கேட்கலாம். முழு செமஸ்ரர் காசும் அதில் வராது. வாடகையையோ சாப்பாட்டையோ சமாளிக்கிற அளவு வரும். அதைவிடப் பெரிய உதவி, கட்டணத்தைத் துண்டு துண்டாகக் கட்டவோ கட்டும் திகதியைத் தள்ளவோ விடுவது. இதை வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்க வேண்டும், அதுவும் கட்டும் திகதிக்கு முன். திகதி கடந்து, பெயரை வகுப்பில் இருந்து எடுத்த பிறகு போய் அழுதால் அந்த அலுவலர் எவ்வளவு நல்ல மனுசியாக இருந்தாலும் அவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

அவர்கள் கேட்கப்போகிற முதல் கேள்வி இதுதான்: வரும்போது ஒரு வருடச் செலவுக்குக் காசு காட்டினீர்களே, அது எங்கே? 2024க்கு முன் 10,000 டொலர் காட்டினால் போதும். அது 20,635 ஆகி, 2025 செப்டெம்பரில் இருந்து 22,895 ஆகிவிட்டது. வன்னியில் அந்தக் காசை வட்டிக்கு வாங்கிக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் அப்படி நடந்ததா என்று நான் கேட்கவில்லை. நீங்கள் காட்ட வேண்டியது, வந்த பிறகு என்ன மாறியது என்பதை. அதற்கு உங்களிடம் உண்மையான அத்தாட்சி இருக்கிறது. அப்பாவை ஜி.எஸ்.ஸிடம், அதாவது கிராம சேவகரிடம் போய் வெள்ளத்தில் வயல் அழிந்ததற்குக் கடிதம் எடுக்கச் சொல்லுங்கள். கமநல சேவை நிலையத்தில் பயிரழிவு பதிந்திருந்தால் அந்தப் பிரதியையும் எடுக்கச் சொல்லுங்கள். உடையார்கட்டுக் குளத்தின் கீழ் எத்தனை ஏக்கர், எந்தப் போகம் என்று அதில் இருக்கட்டும். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, உங்கள் மூன்று மாத வங்கிக் கணக்கு, வாடகை கட்டின பற்றுச்சீட்டு, சம்பளத் துண்டு எல்லாவற்றோடும் கொண்டு போங்கள். வீட்டுக்காரர் பற்றுச்சீட்டு தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். கேட்டால் அவர் தரத்தான் வேண்டும், அதற்குக் காசும் வாங்க முடியாது.

இதெல்லாம் லேசாக எழுதுகிறேன். அந்தக் கவுண்டருக்கு முன்னால் போய் நிற்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நான் முள்ளியவளை. சின்ன வயதில் ஜாம் போத்தல் விளக்கில் படித்து, பிறகு இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, 2009இல் மெனிக் பாம் அகதி முகாமில் சோற்றுக்குத் தட்டோடு நின்ற ஆள். இனி ஒருத்தரிடமும் கை நீட்டுவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் பிளேன் ஏறினேன். நிவாரண அட்டையோடு வளர்ந்த எல்லாப் பிள்ளைகளுக்குள்ளும் அந்த வைராக்கியம் இருக்கும். கல்லூரியில் முதல் வருடம் ஓசாப் காசு பிந்தி, வாடகை கட்ட வழியில்லாமல் போனபோது என்னைக் கையில் பிடித்துக் கல்லூரியின் உதவி அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது என்னோடு படித்த ஒரு சோமாலியப் பிள்ளை. வாடகைக்கு வீட்டுக்காரர் பலசரக்குக் கடை பில்லின் பின்பக்கத்தில் எழுதித் தந்த துண்டுதான் என்னிடம் இருந்தது. அந்த அலுவலர் அதைச் சிரிக்காமல் வாங்கி, பென்சிலால் தொகையைக் கூட்டி, ஒரு கோப்பில் வைத்து, இதற்குக் கீழே வீட்டுக்காரரின் பெயரும் கையெழுத்தும் மட்டும் வாங்கி வா என்றார். பிறகு மத்தியானம் சாப்பிட்டாயா என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் நம்பவில்லை. மாணவர் சங்கத்தின் உணவு வங்கி எந்த மாடியில் என்று ஒரு துண்டில் எழுதித் தந்தார். அடுத்த கிழமை காசு கணக்கில் விழுந்தது. அந்தப் படிப்பை வைத்துத்தான் இன்றைக்கு நான் கணக்காளராக வேலை செய்கிறேன், வருசா வருசம் வரியும் கட்டுகிறேன். அங்கே இருக்கிற காசு, நீங்கள் நிற்கிற இடத்தில் நிற்கிறவருக்கென்றே ஒதுக்கியது. கேட்டு வாங்குவதில் ஒரு குறைவும் இல்லை.

நீங்கள் கேட்காத இரண்டு விசயம். ஆனால் இவைதான் எனக்குப் பெரிய பயம்.

ஒன்று சீட்டு. காசு முட்டென்று தெரிந்தால் உங்களை யாராவது ஒரு சீட்டில் சேர்க்கப் பார்ப்பார்கள், முன்னுக்கே எடுத்துக்கொள்ளலாம் என்று. கணக்கைப் பாருங்கள். 20 பேர், ஆளுக்கு மாதம் 500, சீட்டு 10,000. அவசரத்துக்கு இரண்டாம் மாதமே 3,000 கழிவு விட்டு எடுத்தால் கையில் வருவது 7,000. அதற்குப் பிறகு மிச்சம் 18 மாதமும் முழு 500 கட்ட வேண்டும், அதுவே 9,000. ஒரு மாதம் தவறினால் உங்கள் சித்தப்பாவுக்கு ஃபோன் போகும், ஊருக்கும் போகும். வன்னியில் நுண்கடன் என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கிழமைக் காசுக்கு ஆள் வாசலில் வந்து நிற்க, கட்ட இல்லாமல் அம்மாமார் பின்கதவால் போய் ஒளித்திருந்ததைப் பார்த்து வளர்ந்த ஊர். அதே கடனைப் படிக்க வந்த இடத்தில் தலையில் ஏற்ற வேண்டாம்.

மற்றது கைக்காசு வேலை, கணக்கில் காட்டாமல் சம்பளத்தைக் கையில் தருகிற வேலை. நான் வந்த புதிதில், 2011இல், ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி தட்டினேன். அப்போது ஒன்ராறியோவில் அடிப்படைச் சம்பளம் மணிக்கு 10.25 டொலர். எனக்குக் கிடைத்தது 6. "எங்கட பிள்ளை என்றுதான் வேலை தாறன்" என்று முதலாளி சொல்வார். இரவு பன்னிரண்டு மணிக்குத் தார்ச்சட்டி மாதிரிக் கறுத்துக் கிடக்கிற ரொட்டிக்கல்லைச் சுரண்டித் துடைத்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு ஓடும்போது, இவர் ஊரில் என் அப்பாவோடு ஒன்றாகப் படித்தவர் என்று நினைத்தால் நெஞ்சு எரியும். இன்றைக்கு அந்த அடிப்படைச் சம்பளம், 2025 ஒக்ரோபரில் இருந்து, 17.60. பதினெட்டு வயது கடந்த மாணவருக்கும் அதேதான். அதற்குக் குறைய ஒருவரும் தர முடியாது, நீங்கள் என்ன அனுமதியில் இருந்தாலும். தராவிட்டால் தொழில் அமைச்சில் முறைப்பாடு செய்யலாம், காசு செலவில்லை, இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும். கைக்காசில் வேலை செய்தால் சம்பளத் துண்டு இராது. சம்பளத் துண்டு இல்லையென்றால் கல்லூரியில் உதவி கேட்கும்போது காட்ட ஒன்றும் இராது. 24 மணித்தியாலத்தைத் தாண்டி ஒளித்து வேலை வாங்கினால், அந்தக் கடைக்காரர் உங்களை என்ன செய்தாலும் நீங்கள் வாய் திறக்க மாட்டீர்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் மாணவர்களைத் தேடி எடுக்கிறார்கள்.

எங்கள் ஆக்களைப் பற்றிக் கோபமாக எழுதுகிறேன் என்று சிலர் நினைக்கலாம். கோபம் உண்மைதான். எண்பதுகளில் தொண்ணூறுகளில் வந்தவர்கள் சிலர், "நாங்கள் ஒருத்தரிடமும் ஒரு சதம் வாங்காமல் வந்த ஆக்கள்" என்று உங்களுக்குச் சொல்வார்கள். அவர்களில் எத்தனையோ பேர் முதல் மாதங்களை அரசாங்க உதவிப் பணத்தில்தான் ஓட்டினார்கள். அது அவர்கள் உரிமை, அதில் பிழை இல்லை. இன்றைக்கு வந்த பிள்ளைக்கு அதை மறைத்து வீரக்கதை சொல்வதுதான் பிழை. பழைய மாணவர் சங்கங்கள் வருடாவருடம் மண்டபம் எடுத்து இராப்போசனம் வைத்து, ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மதில் கட்டக் காசு சேர்க்கின்றன. என் பள்ளிக்கூடத்துக்கும் அப்படித்தான் கட்டடம் வந்தது, நானும் கொடுத்தேன், இனியும் கொடுப்பேன். ஆனால் அதே பள்ளிக்கூடத்தில் படித்து வந்த பெடியன் இரண்டு தெரு தள்ளி ஒருநேரச் சாப்பாட்டோடு படிக்கிறான் என்றால் அதைக் கேட்க அந்த மேடையில் ஆளில்லை. எங்கள் சங்கக் கூட்டத்தில் இதை ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். மதிலுக்குச் சேர்க்கிற காசில் ஒரு பங்கை இங்கே கட்டணம் கட்ட முடியாமல் நிற்கிற எங்கள் பிள்ளைகளுக்கு வட்டியில்லாமல் கொடுக்கலாம். உங்கள் பள்ளிக்கூடச் சங்கம் இங்கே இருந்தால் நீங்களும் போய்க் கேளுங்கள். அவர்கள் இல்லை என்று சொன்னாலும் கேட்டது பதிவாகட்டும்.

சாப்பாட்டுக்கு, கல்லூரி மாணவர் சங்கத்தின் உணவு வங்கியில் முதலில் பாருங்கள். வெளியில் இருக்கிற சில உணவு வங்கிகள் வெளிநாட்டு மாணவரை எடுப்பதில்லை. 211 என்ற இலக்கத்துக்கு ஃபோன் எடுத்தால் உங்கள் பகுதியில் எது எடுக்கும் என்று சொல்வார்கள், தமிழில் மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். வருமானமே இல்லாவிட்டாலும் ஏப்ரல் 30க்கு முன் வரி விபரத்தைத் தாக்கல் செய்யுங்கள். வரிக் கணக்கில் இங்கே வதிபவர் என்று வந்து, 19 வயதும் ஆகியிருந்தால், ஜி.எஸ்.டி. என்கிற விற்பனை வரியின் மீளளிப்புக் காசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும், வெளிநாட்டு மாணவருக்கும்தான். பெரிய காசில்லை. ஒரு மாத பஸ் காசாவது மிஞ்சும். நான் தொழிலால் இதைச் செய்கிறவள், கல்லூரிகளில் மார்ச் மாதத்தில் இலவசமாகச் செய்து தருகிற முகாம்கள் நடக்கும், அங்கே போங்கள். ஐம்பது டொலர் கொடுத்துச் செய்விக்க வேண்டாம்.

இனித் தங்கச்சி. அவளை இப்போது கூப்பிட வேண்டாம். இது என் அபிப்பிராயம், நீங்கள் மறுக்கலாம். அவளுக்கு ஏஎல் முடிவு நன்றாக வந்தால் கம்பஸ் படிப்பு அங்கே இலவசம், கட்டணம் என்று ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமே கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. வீட்டில் இருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரம். நாங்கள் படித்த காலத்தில் வன்னிக்குள் இப்படி ஒன்றைக் கனவிலும் நினைக்கவில்லை. மகாபொல உதவித்தொகையும் இருக்கிறது, அது கிடைக்காதவர்களுக்கு பேர்சரியும் இருக்கிறது. அதற்கும் வருமான அத்தாட்சி ஜி.எஸ்.ஸிடம்தான் எடுக்க வேண்டும், அப்பா வயல் அழிவுக்குக் கடிதம் எடுக்கப் போகிற அன்றே அதையும் விசாரித்துவிட்டு வரலாம். இருக்கிற வயலை இரண்டாம் தரம் ஈடு வைத்து அவளையும் இங்கே அனுப்பினால், அடுத்த வெள்ளத்தில் இரண்டு பேரும் ஒரே பேஸ்மென்றில் நிற்பீர்கள்.

அப்பாவுக்கு இன்றைக்கே ஃபோன் எடுங்கள். கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இருக்கிறதைக் கொண்டு முதலில் அலுவலகத்தில் நேரம் எடுங்கள், கடிதம் பின்னால் வருகிறது என்று சொன்னால் கோப்பைத் திறந்து வைப்பார்கள். படிவத்தில் எங்காவது தடக்கினால் இங்கேயே கேளுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.