கட்டில்தான் மேசையும்

கேள்வி: இரண்டு மாதமாக கொரோனா ஊரடங்கில், ஒரே அறையில் இருக்கிறேன். கட்டில்தான் அலுவலக மேசையும். பதினொன்றுக்குப் படுத்தாலும் மூன்று மணி வரை புரள்கிறேன். கைபேசியில் அன்றைய சாவு எண்ணிக்கையைப் பார்க்கிறேன். வேறு ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு மூச்சுத் திணறுவதுபோல் தோன்றி நெஞ்சு படபடக்கிறது. பத்து மணிக்குத்தான் எழ முடிகிறது. எனக்கு மனநோய் வந்துவிட்டதா, டாக்டர்? தூக்க மாத்திரை போடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஒரு கடிதத்தை வைத்து நோயை முடிவு செய்யக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியதில் எனக்குத் தெரிவது, தலைகீழாகிவிட்ட நாட்களோடு உடம்பு படும் பாடுதான். 'கட்டில்தான் மேசையும்' என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். பகலெல்லாம் வேலையும் வாக்குவாதமும் நடந்த மெத்தையில் சாய்ந்தால் மூளை விழித்துக்கொள்ளத்தான் செய்யும்.

1962-இல் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு நிலவியலாளர் கடிகாரம் இல்லாமல் ஒரு குகைக்குள் இரண்டு மாதம் தங்கினார். செப்டம்பர் 14-ஆம் தேதி, சோதனை முடிந்துவிட்டது என்று வெளியே இருந்தவர்கள் சொன்னபோது, அன்று ஆகஸ்ட் 20 என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். நம் உடலின் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடுவது. காலை வெளிச்சம்தான் அதை அன்றாடம் திருத்துகிறது. பஸ் பிடிக்க ஓடிய நாட்களில் அந்த வெளிச்சம் கேட்காமலே கிடைத்தது.

தொற்றாளர் ஒருவரைப் பார்த்த பிறகு நானும் 14 நாள் ஓர் அறையில் தனித்திருந்தேன். ஐந்தாம் இரவு, கதவடியில் தெரிந்த வெளிச்சக் கோட்டைப் பார்த்தபடியே விடிந்தது. மறுநாள் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, ஏழு மணிக்கே அதில் உட்கார்ந்தேன். சில நாட்களில் இரவு பத்தரைக்குக் கண் சொக்கியது.

ஆகவே இரவை விட்டுவிட்டு, காலையைப் பிடியுங்கள். எப்போது தூங்கியிருந்தாலும் ஏழுக்கு எழுந்து அரை மணி நேரம் வெளிச்சத்தில் இருங்கள். வேலையை அறையின் வேறு மூலைக்கு மாற்றுங்கள். இருபது நிமிடம்போலத் தூக்கம் வராவிட்டால் கட்டிலை விட்டு எழுந்து, மங்கிய விளக்கில் அமர்ந்து, கண் சொருகும்போது திரும்புங்கள். முதல் வாரம் பகலில் கண் எரியும், அப்போதும் படுத்துவிடாதீர்கள். மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம்.

அம்மாவைப் பற்றிய பயத்தை மாலையிலேயே எடுத்துப் பேசுங்கள். மூச்சு எப்படி இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். அவசரமென்றால் யார் கதவைத் தட்டுவார், யார் வண்டி பிடிப்பார் என்பதை ஒரு தாளில் எழுதித் தலைமாட்டில் வையுங்கள். கைபேசி அறையின் மறுகோடியில் இருக்கட்டும்.

மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சில வகை எளிதில் பழக்கமாகிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல், அழுகையோ வெறுமையோ நீடித்தால் மனநல மருத்துவரைத் தொலைபேசியிலாவது பாருங்கள். சாகலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே யாரிடமாவது சொல்லி உதவி கேளுங்கள்.

மூன்று வாரம் கழித்து மறுபடி எழுதுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்பது வேண்டாம். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று சொல்லுங்கள்.