பீட்சாவை வெட்டித் தரச் சொல்லலாமா?

கேள்வி: மே மாதம் நாங்கள் ஐந்து பேர் ரோம், நேப்பிள்ஸ் போகிறோம். நான், கணவர், மாமியார், 13 வயது மகள், 8 வயது மகன். அங்கிருந்து நியூயார்க், சிகாகோவில் உறவினர் வீடுகள். எல்லோரும் சைவம். “பீட்சா எல்லா ஊரிலும் கிடைக்கும், கவலையே வேண்டாம்” என்கிறாள் மகள். ஆனால் இத்தாலி போய்வந்த தோழி, வெட்டாத முழு பீட்சாவை ஆளுக்கொன்றாக வைத்துவிட்டார்கள், கெச்சப் கேட்டதற்கு முறைத்தார்கள் என்கிறாள். எப்படிக் கேட்டு வாங்குவது, எப்படிச் சாப்பிடுவது? (கோவை வாசகி)

பதில்: உங்கள் மகள் சொல்வது பாதி சரி. பீட்சா கிடைக்கும், ஆனால் அவளுக்குப் பழக்கமான பீட்சா கிடைக்காது. நீங்கள் போகும் நான்கு ஊர்களிலும் நான்கு வேறு பண்டங்கள். கையால் சாப்பிடுவதா, கத்தியாலா, பகிர்வதா, ஆளுக்கொன்றா என்பதெல்லாம் மரியாதைச் சட்டம் போலத் தோன்றினாலும், முக்கால்வாசி அந்த ஊர் மாவும் அடுப்பும் தீர்மானித்தவைதான்.

நேப்பிள்ஸிலிருந்தே தொடங்குவோம். அங்கே மாவில் எண்ணெய் கிடையாது. மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், அவ்வளவுதான். கட்டையால் தேய்க்க மாட்டார்கள், கையாலேயே விரிப்பார்கள். விறகு அடுப்பின் சூடு 485 டிகிரி செல்சியஸ் வரை போகும். அதில் 60 முதல் 90 விநாடி இருந்தால் பீட்சா வெந்துவிடும். அந்தக் குறுகிய நேரத்தில் ஓரம் பொங்கி அங்கங்கே கருகும், நடுப்பகுதியில் தக்காளிச் சாறும் சீஸின் நீரும் அப்படியே நிற்கும். கருகலைப் பார்த்து “தீய்ந்துபோச்சு” என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள், அதுதான் பக்குவம். இதை முக்கோணத் துண்டுகளாக வெட்டித் தூக்கினால் நுனி தொங்கி எல்லாம் தட்டில் வழியும். வெட்டி வைத்தால் சாறு அடியில் இறங்கி ஊறியும் போகும். அதனால்தான் முழுசாக வைத்து, கூடவே கத்தியும் முள்கரண்டியும் தருகிறார்கள். நடுவிலிருந்து கொஞ்சம் வெட்டிச் சாப்பிட்டுவிட்டு, உலர்ந்த ஓரத்தைக் கையால் எடுத்துக் கடிப்பதில் தவறே இல்லை, அந்த ஊர்க்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

தெருவில் நின்று சாப்பிட வேறு வழி வைத்திருக்கிறார்கள். சற்றுச் சிறிய பீட்சாவை நான்காக மடித்துக் காகிதத்தில் சுற்றித் தருவார்கள். பெயர் ‘போர்ட்டாஃபோலியோ’, அதாவது பணப்பை. மடித்ததும் சாறு உள்ளே அடங்கிவிடும். உங்கள் மகனுக்கு இதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். பீட்சா சுடும் இந்தக் கைத்தொழிலை 2017-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, ஆகவே மடித்துத் தருபவர் கொஞ்சம் கெத்தாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பகிர்வது பற்றி: ஆளுக்கொன்று என்பதுதான் அங்கே வழக்கம். பெரிதாகத் தெரிந்தாலும் ஒன்றுக்குப் பிடிப்பது 200 முதல் 280 கிராம் மாவு, பெரியவர்கள் முடித்துவிடலாம். உங்கள் ஐந்து பேருக்கு நான்கு சொல்லுங்கள், மாமியாரும் பேரனும் ஒன்றைப் பங்கிட்டுக்கொள்ளட்டும். “தாலியாத்தா” என்றால் வெட்டியது என்று பொருள். சிரித்த முகத்தோடு கேட்டால் வெட்டித் தருவார்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

ரோமில் கதை வேறு. அங்கே மாவில் எண்ணெய் உண்டு, கட்டையால் மெலிதாகத் தேய்க்கிறார்கள், அப்பளம் மாதிரி நொறுங்கும். இந்த வட்ட பீட்சாவைப் பெரும்பாலும் இரவில்தான் போடுவார்கள், ஏழு, ஏழரைக்கு முன்னால் பல கடைகள் திறக்காது. ஆறு மணிக்கே பசிக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ‘அல் தாலியோ’ என்று பலகை இருக்கும் கடையைத் தேடுங்கள். நீளமான தட்டுகளில் சுட்டு வைத்திருப்பார்கள். எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் கத்தரிக்கோலால் வெட்டி, எடை போட்டு, சூடாக்கித் தருவார்கள். கணக்கு எட்டோவில் போகும், ஒரு எட்டோ என்பது 100 கிராம். வேண்டியதைக் கண்ணால் பார்த்து வாங்கலாம் என்பதால் சைவக் குடும்பத்துக்கு இதைவிட வசதியான கடை கிடையாது. ‘ரோஸா’ என்பது சீஸ் இல்லாமல் தக்காளி மட்டும் தடவியது.

இனி, உங்களுக்கு மிக முக்கியமான விஷயம்: பெயர்கள். மாரினாரா என்பதில் கடல் வாசனை அடித்தாலும் மீன் கிடையாது. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டுமே, சீஸ்கூட இல்லை. மாறாக ‘நாப்போலி’ என்று ரோமில் எழுதியிருந்தால் அதில் நெத்திலி வகை மீன் இருக்கும். அதே மீன் பீட்சாவை நேப்பிள்ஸில் பல கடைகளில் ‘ரொமானா’ என்பார்கள், ஆளுக்கு ஆள் மீனை அடுத்த ஊர் தலையில் கட்டிவிட்டார்கள்! ரோமில் ஒரு கடையில் பெயரை நம்பி நாப்போலி வாங்கி, முதல் வாயிலேயே நான் விழித்திருக்கிறேன். கப்ரிச்சோஸா என்றால் காளானோடு பன்றி இறைச்சியும் வரும். ‘ஓர்த்தோலானா’ காய்கறி பீட்சா. ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் மீன் விட்டுப்போகலாம், “சென்ட்ஸா கார்னே, சென்ட்ஸா பெஷே” (இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்) என்று இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

சீஸ் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் பச்சைப் புள்ளி போட்ட சீஸில் பாலைத் திரிக்க விலங்கிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்ப்பதில்லை. இத்தாலியில் பார்மிஜானோ, எருமைப்பால் மொசரெல்லா போன்ற மரபான சீஸ்களில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்தான். தக்காளியும் மொசரெல்லாவும் போட்ட மார்கெரிட்டாவின் மேல் பார்மிஜானோ தூவுவதும் சகஜம். மாமியார் இதில் கண்டிப்பானவர் என்றால் கிளம்பும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள், அங்கே போய்த் தெரிந்தால் மனம் கஷ்டப்படும். அவருக்கு மாரினாராவும் ரோஸாவும் இருக்கின்றன, இரண்டும் ருசியில் குறைந்தவை அல்ல.

கெச்சப்? கேட்காதீர்கள். நல்ல தக்காளியை நம்பிச் செய்த பண்டத்தின்மேல் சர்க்கரைச் சாறு ஊற்றுவது அவர்களுக்கு ரசத்தில் ஜாம் கலப்பது போல. காரம் வேண்டுமென்றால் “ஒலியோ பிக்காந்தே” கேளுங்கள், மிளகாய் ஊறிய எண்ணெய் வரும். ஆனால் இத்தாலியர்களையும் ரொம்பப் புனிதமாக நினைக்க வேண்டாம். அவர்கள் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவது உருளைக்கிழங்கு ஃபிரைஸ் கொட்டிய பீட்சா. வழக்கமாக சாசேஜும் சேர்ந்துவரும், “சோலோ பத்தாத்தினே” என்றால் ஃபிரைஸ் மட்டும் போடுவார்கள். நேப்பிள்ஸில் பில்லில் ‘கோபெர்த்தோ’ என்று தலைக்கு ஓரிரு யூரோ இருந்தால் அது உட்காரும் கட்டணம், ஏமாற்று அல்ல. டிப்ஸ் கட்டாயம் இல்லை.

அப்புறம் அமெரிக்கா. விமானம் மாறும்போதே ஒரு சொல்லையும் மாற்றிக்கொள்ளுங்கள். இத்தாலியில் ‘பெப்பரோனி’ என்றால் குடைமிளகாய், பத்து நாளில் பிள்ளைகளுக்கு அது பழகிவிடும். அதே சொல்லை நியூயார்க்கில் சொன்னால் பன்றி, மாட்டிறைச்சி சேர்ந்த சாசேஜ் வட்டங்கள் வரும். அங்கே “ப்ளெயின் ஸ்லைஸ்” என்று கேளுங்கள், தக்காளியும் சீஸும் மட்டும். நியூயார்க் அடுப்பில் சூடு குறைவு, வேகும் நேரம் அதிகம், சீஸிலும் ஈரம் குறைவு. அதனால் துண்டு விறைப்பாக நிற்கும். நீளவாக்கில் மடித்துக் கையால் சாப்பிட வேண்டும், நடந்துகொண்டேகூடச் சாப்பிடலாம். 2014 ஜனவரியில் அந்த நகரத்தின் புதிய மேயர் பில் டி பிளாசியோ முள்கரண்டியால் பீட்சா சாப்பிட்டார். ஊடகங்கள் சும்மா விடவில்லை. தன் முன்னோர் ஊரான இத்தாலியில் இப்படித்தான் என்றார் அவர், ஆனால் கையில் இருந்தது நியூயார்க் துண்டு ஆயிற்றே. நம் ஊர் பீட்சாக் கடைகளில் ஓரிகானோவும் மிளகாய்த் தூளும் தருவது போல அங்கேயும் கவுண்டரில் டப்பாக்கள் இருக்கும், தாராளமாகத் தூவிக்கொள்ளலாம்.

சிகாகோவின் டீப் டிஷ் ஆழமான தட்டில் சுடுவது, அங்கே ஒரு கடையில் 1943-இல் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். முக்கால் மணி நேரம்வரை வேகும் என்பதால் மேலே சீஸ் வைத்தால் கருகிவிடும். ஆகவே சீஸ் அடியில், தக்காளி மேலே. கத்தி, முள்கரண்டி இல்லாமல் நடக்காது. ஒரு துண்டே சோறு சாப்பிட்ட மாதிரி நிறைக்கும், ஐந்து பேருக்கு ஒன்று போதும், உட்கார்ந்ததுமே சொல்லிவிடுங்கள். சாசேஜ் வைப்பது அங்கே அவ்வளவு சகஜம், எனவே கீரை அல்லது வெறும் சீஸ் என்று தெளிவாகக் கேட்க வேண்டும். உறவினர்கள் சதுரமாக வெட்டிய மெல்லிய பீட்சா வாங்கி வந்தால் ஏமாற்றம் அடையாதீர்கள், சிகாகோ மக்கள் வாராவாரம் சாப்பிடுவது அதைத்தான். அமெரிக்காவில் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் எதிர்பார்ப்பார்கள், பட்ஜெட்டில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.