மழைக்காலத்தில் விக்கும் அம்பாசடர்

கேள்வி: எங்களுடைய 1988 அம்பாசடர் பெட்ரோல் கார், மழைநாள் காலைகளில் ஐடிலில் (நின்றபடி ஓடும்போது) குலுங்குகிறது, மேட்டில் ஏறும்போது விக்குகிறது. கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: அவசரப்பட வேண்டாம். ஈரக்காற்றில்தான் கோளாறு தலைகாட்டுகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டரைவிட, அந்தக் கலவையைப் பற்றவைக்கும் மின்பொறியின் மீதே என் சந்தேகம் விழுகிறது. இருட்டிய பிறகு, திறந்தவெளியில் போனட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டு, எதையும் தொடாமல் கவனியுங்கள். பிளக் ஒயர்களின் மேலோ, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியிலோ நீலப்பொறி ஊர்ந்தால் மின்கசிவு அங்கேதான். மூடியின் உட்புறத்தில் மயிரிழை போலக் கரிக்கோடு ஓடியிருந்தால், துடைத்துப் பயனில்லை, புதிய மூடிதான் போட வேண்டும். கார்புரேட்டரோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு அற்பம்.

பிறகு, இன்ஜின் ஆறியதும் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். நுனி இளம்பழுப்பாக இருந்தால் நலம். ஒன்று மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால், அந்தச் சிலிண்டரின் கம்ப்ரஷனை (உள் அழுத்தத்தை) சோதிக்கச் சொல்லுங்கள். பிளக் இடைவெளி 0.025 அங்குலமும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் காண்டாக்ட் பாயின்ட்டின் இடைவெளி 0.015 அங்குலமும் இருக்க வேண்டும். ஒயர்களை மீண்டும் மாட்டும்போது சிலிண்டர்கள் பற்றும் 1-3-4-2 என்ற வரிசை பிசகக் கூடாது. இவையெல்லாம் சரியாக இருந்தும் விக்கல் நிற்காவிட்டால், இன்டேக் மேனிஃபோல்டு (கலவையை இன்ஜினுக்குக் கொண்டுசெல்லும் குழாய்) இணைப்பிலுள்ள கேஸ்கெட்டில் காற்று கசிகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பின்னரே கார்புரேட்டரில் கைவையுங்கள்.