நர்ஸ் பதில்கள்: நினைவில்லாதவருக்குப் பல் துலக்குவது ஏன்?

கேள்வி: என் மாமனார் சேலத்தில் ஐசியூவில் வென்டிலேட்டரில் இருக்கிறார். கட்டிலின் தலைமாட்டை எப்போதும் உயர்த்தியே வைக்கிறார்கள். நினைவில்லாதவருக்குப் பல்லும் துலக்குகிறார்கள். எதற்கு சிஸ்டர்?
- வாசகி, ஏற்காடு

பதில்: நிமோனியா வராமல் தடுக்கத்தான் அம்மா. மூச்சுக்குழாய்க்குள் செயற்கைக் குழாய் இருக்கும்வரை அவரால் சரியாக இருமவோ விழுங்கவோ முடியாது. வாயில் ஊறும் எச்சில் கிருமிகளோடு குழாயை ஒட்டியே கீழே இறங்கும். அதை மறிக்க, குழாயின் நுனியருகே சின்ன பலூன் ஒன்று உண்டு. அதில் காற்று குறைந்தால் எச்சில் கசியும், கூடினால் மூச்சுக்குழாய் புண்ணாகும். அதனால் அழுத்தத்தை அடிக்கடி அளப்போம்.

பல் துலக்கினால் வாயில் கிருமி குறையும். முன்பு குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்தைப் போட்டுத் துடைப்பதுதான் வழக்கம். 2022இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் அதை விட்டுவிட்டு பிரஷ்ஷையே பிடிக்கச் சொன்னது. எனக்கும் பிரஷ்தான் திருப்தி.

தலைமாடு 30 முதல் 45 டிகிரி உயரத்தில் இருந்தால், வயிற்றில் இருப்பது எதுக்களித்து நுரையீரலுக்குள் போவது குறையும். 'பாவம், நேராகப் படுக்கட்டுமே' என்று நீங்களாக இறக்கிவிடாதீர்கள்.

தினமும் மயக்க மருந்தைக் குறைத்து, தானாக மூச்சு விடுகிறாரா என்றும் பார்ப்பார்கள். குழாயைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் பாதி கவலை தீர்ந்தது.

அப்புறம் ஒன்று. உள்ளே போகும்போதும் வரும்போதும் கை கழுவுங்கள். கோட்டை மாரியம்மன் கோயில் தீர்த்தத்தை ஒரு சொட்டு வாயில் விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நெற்றியில் திருநீறு பூசுங்கள், சரி. வாயில் எதுவும் வேண்டாம்.